சிதறிய வீடுகள், சேர்ந்த ஊர்: ஒரு வெல்ஷ் பாரிஷின் வரலாறு

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், பெர்வின் மலைகளுக்குத் தெற்கே, லான்விஹாங்கெல்-அங்-ங்வின்வா என்றொரு பாரிஷ் இருக்கிறது. ஒரு தேவாலயம், அதையொட்டி விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீடுகள். ஊர் என்று கண்ணில் படுவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் புல்வெளி, வேலி, ஆடுகள், மேட்டுக்கு ஒன்றும் பள்ளத்துக்கு ஒன்றுமாகத் தனித்து நிற்கும் பண்ணை வீடுகள். முதன்முறை அவ்வழியே போகிறவர் 'இங்கே ஆளே இல்லையே' என்றுதான் நினைப்பார்.

இருநூறு ஆண்டுகளாக வெளியிலிருந்து வந்த பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு கண்ணோட்டத்தோடு நிற்கவில்லை. சட்டமாயிற்று, அறிக்கையாயிற்று, அணையாயிற்று. இந்தப் பாரிஷையும் அதன் மேற்கில் இருக்கும் லான்வுதினையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. ஆள் குறைவாக இருப்பது வேறு, வெறுமையாக இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிய பிழையால் வேல்ஸின் நாட்டுப்புறம் இழந்தது அதிகம்.

மக்கள் என்ற சொல்லிலிருந்து

பாரிஷ் என்பதை நம்மூர்க் கத்தோலிக்கர் பங்கு என்பார்கள், சி.எஸ்.ஐ. சபையார் சேகரம் என்பார்கள். வேல்ஸில் அது வழிபாட்டு எல்லையோடு நிற்கவில்லை. 1834 வரை ஏழைகளுக்குப் படியளந்ததும், சாலையைப் பராமரித்ததும், பிறப்பு இறப்பைப் பதிவேட்டில் எழுதியதும் பாரிஷ்தான். 1894இல் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்தது. 1974இல் வேல்ஸ் முழுவதும் அரசு நிர்வாகத்தில் பாரிஷ் என்ற அலகே நீக்கப்பட்டு, 'சமூகம்' என்ற பெயரில் புதிய அலகு வந்தது.

வெல்ஷ் மொழியில் பாரிஷுக்கு 'ப்ளூய்வ்' என்று பெயர். மக்கள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது அது. எல்லைக்கல்லையோ வரியையோ குறிக்காமல் மக்களையே குறித்த சொல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கும். ஊர்ப்பெயரின் தொடக்கத்தில் வரும் 'லான்' தேவாலய வளாகத்தைக் குறிக்கும். 'மிஹாங்கெல்' மிக்கேல் சம்மனசு. ஆக, மிக்கேல் சம்மனசின் கோயிலடி. 'ங்வின்வா'வுக்கு அடியாக இருக்கும் 'குவின்வா' என்ற சொல் இன்றைய வெல்ஷில் பேரின்ப உலகைக் குறிக்கும்.

வீடுகள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? பழைய வெல்ஷ் சட்டப்படி தகப்பன் நிலம் மகன்களுக்குச் சம பங்காகப் பிரிந்தது. ஒவ்வொருவனும் தன் பங்கில் வீடு கட்டினான். 1536க்கும் 1543க்கும் இடையே இங்கிலாந்து கொண்டுவந்த இணைப்புச் சட்டங்கள் இதை ஒழித்து, மூத்த மகனுக்கே சொத்து என்ற முறையைப் புகுத்தின. நிலத்தின் இயல்பும் ஒரு காரணம். மழை மிகுந்த மேட்டு நிலத்தில் உழவைவிட மேய்ச்சல்தான் சோறு போடும். மேய்ச்சல்காரனுக்கு வீடு மந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிர்காலத்துக்குப் பள்ளத்தாக்கில் 'ஹென்ட்ரே' என்ற மூல வீடும், கோடையில் மந்தையோடு தங்க மேட்டில் 'ஹாவோட்' என்ற கொட்டகையும் வைத்திருந்த பழக்கம் இன்றும் வேல்ஸ் முழுவதும் வீட்டுப் பெயர்களில் வாழ்கிறது.

சிதறல் வெல்ஷ் மக்களின் பிறவிக் குணம் என்று ஒரு காலத்தில் எழுதிவந்தார்கள். புவியியலறிஞர் கிளான்வில் ஜோன்ஸ் அதை மறுத்தார். இடைக்கால வேல்ஸில் கட்டுப்பட்ட குடியானவர்கள் நெருக்கமான சிற்றூர்களிலும் வாழ்ந்தார்கள், சிதறல் காலப்போக்கில் பரவியது என்பது அவர் முடிவு. இந்த விவாதம் முக்கியமானது. தனி வீடுகளின் ஊர் என்பது மக்கள் காலங்காலமாகச் செய்து வந்த ஏற்பாடு என்று ஆகும்போதுதான் அதற்கு ஒரு வரலாறு இருக்க முடியும்.

ஒரு வேலைக்காரப் பெண்ணின் நினைவில்

இந்த மலைப்பகுதி மொழிக்குச் செய்த உதவியை முதலில் சொல்ல வேண்டும். அண்டையிலுள்ள லான்ரேயாடர் பாரிஷில் வில்லியம் மோர்கன் என்ற குருவானவர் இருந்தார். முழு விவிலியத்தையும் அவர் வெல்ஷில் பெயர்த்தார். 1588இல் அது அச்சாயிற்று. ஆட்சிமொழி ஆங்கிலம் என்று சட்டம் சொன்ன நாட்டில் ஞாயிறுதோறும் ஒவ்வொரு பாரிஷ் கோயிலிலும் உயர்ந்த வெல்ஷ் உரக்க வாசிக்கப்பட்டது. பின்னர், 1731 முதல் கிரிஃபித் ஜோன்ஸ் நடத்திய சுற்றுப் பள்ளிகள் ஓர் ஊரில் சில மாதம் தங்கி, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அந்த விவிலியத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயின. நூற்றாண்டின் இறுதியில் பாலா நகரத்துத் தாமஸ் சார்ல்ஸ் அதைத் தொடர்ந்தார்.

இந்தக் கல்வியின் விளைச்சல்தான் ஆன் கிரிஃபித்ஸ். லான்விஹாங்கெல் பாரிஷில் டோல்வர் வாக் என்ற பண்ணை வீட்டில் 1776இல் பிறந்தவர். ஆடு வளர்த்து, கம்பளி நூற்ற குடும்பம். தாய் இறந்தபின் வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. இருபது வயதையொட்டி மெதடிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். திருவிருந்து பெறுவதற்காகப் பெர்வின் மலையைக் கால்நடையாகக் கடந்து, இருபது மைலுக்கு மேல் நடந்து பாலாவுக்குப் போவார். ராட்டையில் உட்கார்ந்து நூற்கும்போதும் வழிநடையிலும் பாட்டுக் கட்டினார். 1804இல் திருமணம். அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்தது. அதைத் தொடர்ந்து ஆகஸ்டில் ஆனும் இறந்தார். வயது 29.

அவர் கையெழுத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதம். அதன் அடியில் ஒரே ஒரு சரணம். ஆனால் அவர் பெயரில் எழுபதுக்கும் மேற்பட்ட சரணங்களை வேல்ஸ் இன்றும் பாடுகிறது. எப்படி?

டோல்வர் வாக்கில் ரூத் எவன்ஸ் என்ற வேலைக்காரப் பெண் இருந்தார். எழுதத் தெரியாதவர். எஜமானி பாடப் பாடக் கேட்டு, அத்தனையையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார். ஆன் இறந்த ஆண்டே ரூத்துக்கும் ஜான் ஹியூஸுக்கும் திருமணமாயிற்று. ஜான் ஹியூஸ் நெசவாளியாக இருந்து ஆசிரியராகவும் போதகராகவும் ஆனவர். மனைவி சொல்லச் சொல்லக் கணவர் எழுதினார். 1806இல் பாலாவில் அந்தப் பாடல்கள் அச்சேறின. வெல்ஷ் இலக்கியத்தின் தலைசிறந்த செல்வங்களில் ஒன்று, எழுத்தறியாத ஒரு பெண்ணின் நினைவில் தங்கி உலகுக்கு வந்தது. 2003இல் ரோவன் வில்லியம்ஸ் கேன்டர்பரி பேராயராகப் பொறுப்பேற்ற ஆராதனையில் ஆனின் பாடல் ஒன்றை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்துப் பாடவைத்தார்.

பாரிஷ் பதிவேட்டைப் புரட்டினால் ஆனுக்கு ஞானஸ்நான வரி, திருமண வரி, அடக்க வரி என்று மூன்று வரிகள் கிடைக்கும். ரூத்தின் நினைவாற்றலுக்கு அங்கே கட்டம் இல்லை. ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதுகிறவர் ஏடுகளை மட்டும் நம்பினால் எதையெல்லாம் தவறவிடுவார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதே பாரிஷில் 1772இல் பிறந்த இன்னொருவர் ஜான் டேவிஸ். ஜான் ஹியூஸின் நண்பர். 1801இல் பசிபிக் கடலிலுள்ள தஹிட்டித் தீவுக்கு மிஷனரியாகப் போய், 1855இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். அந்த மக்களின் மொழிக்கு அகராதி தொகுத்தார். ஒதுங்கிக் கிடந்ததாகச் சொல்லப்படும் மலையூருக்கும் பூமியின் மறுபுறத்துத் தீவுக்கும் இடையே பல்லாண்டுகள் கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன.

வெளியார் கண்

1847இல் வேல்ஸின் கல்வி நிலை பற்றி அரசின் அறிக்கை வெளிவந்தது. விசாரித்த மூன்று ஆணையர்களும் ஆங்கிலேயர், வெல்ஷ் தெரியாதவர்கள். ஞாயிறு பள்ளிகளில் முதியவர்கள்கூட விவிலியத்தைப் படித்து, வசனத்துக்கு வசனம் விவாதித்துக்கொண்டிருந்த நாட்டில், மக்கள் அறியாமையில் உழல்கிறார்கள், ஒழுக்கம் கெட்டிருக்கிறது, அதற்கு அவர்களுடைய மொழியும் காரணம் என்று அந்த அறிக்கை எழுதியது. பள்ளிக் கட்டடங்கள் மோசமாக இருந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை என்ற குறைகள் உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லாத பிள்ளையை அறிவற்ற பிள்ளை என்று கணக்கெழுதியது அநியாயம். நீல அட்டை போட்ட அந்த ஏடுகளை 'நீலப் புத்தகத் துரோகம்' என்றே வெல்ஷ் மக்கள் இன்றுவரை சொல்கிறார்கள்.

அறிவு இல்லாத இடம் என்று ஓர் அறிக்கை சொன்னது. அடுத்த தலைமுறையில் ஆளே இல்லாத இடம் என்பதுபோல் ஒரு திட்டம் வந்தது.

லான்வுதின்: நீருக்கடியில் ஒரு கோயிலடி

லிவர்பூல் நகரம் தாகத்தில் இருந்தது. துறைமுகமும் தொழிலும் பெருகப் பெருக மக்களும் பெருகினார்கள். அசுத்த நீரால் நோய் பரவியது. நல்ல தண்ணீர் அவர்களுக்கு உயிர்த் தேவை, அதை யாரும் மறுக்க முடியாது. நகரின் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன் வெர்னுவி ஆற்றின் மேற்பள்ளத்தாக்கைக் கண்டார். பனியுகத்தில் அங்கே ஓர் ஏரி இருந்திருக்கிறது. அதன் வாயில் மண்ணுக்கடியில் குறுக்கே ஒரு பாறை வரம்பு ஓடுவதைத் துளையிட்டு உறுதி செய்தார். அந்தப் பாறைமேல் அணை எழுப்பினால் பழைய ஏரி திரும்ப வந்துவிடும். பொறியியல் கண்ணுக்கு அது இயற்கை தந்த கிண்ணம்.

கிண்ணத்துக்குள் ஓர் ஊர் இருந்தது. ஒரு பாரிஷ் கோயில், இரண்டு சிற்றாலயங்கள், மூன்று விடுதிகள், 37 வீடுகள், பத்துப் பண்ணை வீடுகள். 1880இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1881 ஜூலையில் போவிஸ் பிரபு அடிக்கல் நாட்டினார். பிரிட்டனில் முழுக்கக் கல்லால் எழும்பிய முதல் பேரணை அது. நீளம் 357 மீட்டர், அடிவாரத்திலிருந்து உயரம் 44 மீட்டர். வேலை நடந்த ஆண்டுகளில் இறந்த 44 தொழிலாளிகளுக்கு அங்கே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

மேட்டில் புதிய கோயில் கட்டி 1888 நவம்பர் 27 அன்று அர்ச்சித்தார்கள். மறுநாள் அணையின் மதகுகளை மூடினார்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் கிடந்த முன்னோர்களின் எலும்புகளை முன்பே தோண்டியெடுத்து, புதிய கோயிலடியில் புதைத்திருந்தார்கள். பழைய வீடுகளை இடித்தார்கள். ஓராண்டில் ஏரி நிரம்பியது. 109 கிலோமீட்டர் குழாய்வழியே 1892இல் தண்ணீர் லிவர்பூலை அடைந்தது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய சுவர்களின் அடித்தளம் இன்றும் தலைகாட்டும்.

பெரிய எதிர்ப்பு ஏன் எழவில்லை? அன்றைய வெல்ஷ் நாட்டுப்புறத்தில் உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். நிலம் பிரபுவுடையது; அவர் இசைந்தபின் குடியிருப்பவர் வாய் திறக்க இடமில்லை. லான்விஹாங்கெலிலும் நிலைமை இதுதான். அங்கிருந்த லுய்டியார்த் ஜமீன் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருமண உறவால் வின்ஸ்டே என்ற பெருங்குடும்பத்தின் கைக்குப் போயிருந்தது. ஓர் ஊரின் தலையெழுத்து ஒரு குடும்பத்தின் கையெழுத்தில் இருந்த காலம்.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே லிவர்பூல் ட்ரவெரின் பள்ளத்தாக்கைக் கேட்டபோது காலம் மாறியிருந்தது. அங்கிருந்த காப்பெல் கெலின் ஊரார் குழந்தைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 1957இல் நாடாளுமன்றத்தில் வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் சட்டம் நிறைவேறியது, 1965இல் அணை திறக்கப்பட்டது. லிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. 'ட்ரவெரினை நினைவில் வை' என்று ஒரு பாழ்ச்சுவரில் எழுதப்பட்ட இரண்டு வெல்ஷ் சொற்கள் இன்று நாட்டின் கோஷம். லான்வுதினுக்கு அப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை.

ஆட்கள் எங்கே போனார்கள்?

தண்ணீர் வந்து விரட்டியது சில நூறு பேரைத்தான். மற்றவர்களைப் பிழைப்பு இழுத்துப் போனது. இந்தப் பாரிஷ்கள் அடங்கிய மான்ட்கோமரிஷயர் மாவட்டத்தில் 1841இல் ஏறத்தாழ 69,000 பேர் இருந்தார்கள். 1971இல் சுமார் 43,000. பிரிட்டனின் மற்ற இடங்களில் மக்கள்தொகை பன்மடங்கு பெருகிய அதே காலம் அது.

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வீட்டில் நூற்று நெய்த கம்பளித் துணி, வடஇங்கிலாந்து ஆலைகளோடு போட்டியிட முடியாமல் வீழ்ந்தது. குடிசைகளுக்கு வந்துகொண்டிருந்த பக்க வருமானம் போயிற்று. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்டு ஜமீன்களோடு சேர்ந்தன. ரயில் வந்தது, தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள் அதிகக் கூலி காட்டின. லிவர்பூலுக்கே ஆயிரக்கணக்கானோர் போய்க் கட்டட வேலை செய்து குடியேறினார்கள். வேல்ஸின் தேசியக் கலைவிழாவான ஐஸ்டெத்வோட் 1884இலும் 1900இலும் லிவர்பூலிலேயே நடந்தது என்றால் அங்கிருந்த வெல்ஷ் கூட்டத்தைக் கணக்கிடலாம். பின்பு இயந்திரம் வந்து பண்ணையாட்களின் வேலையைக் குறைத்தது. 1919இல் வனத்துறை அமைந்தபின் மேட்டுப் பண்ணைகள் பல ஊசியிலைக் காடுகளாயின.

முதலில் போனவர்கள் குடிசைக்காரர்களும் கூலியாட்களும். நிலம் வைத்திருந்தவர்கள் நின்றார்கள். இதை மறந்துவிட்டு எழுதும் எந்த ஊர் வரலாறும் அரைகுறைதான்.

ஆல்வின் ரீஸ் கண்டது

1930களின் இறுதியில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்வின் ரீஸ் ஆய்வுக்காக லான்விஹாங்கெலுக்கு வந்தார். அப்போது அங்கே சுமார் 500 பேர். அவர் வெல்ஷ் பேசியவர். அதனால் சமையலறைக் கணப்பருகே உட்கார்ந்து கேட்க முடிந்தது. 1950இல் வெளிவந்த 'லைஃப் இன் எ வெல்ஷ் கன்ட்ரிசைட்' என்ற அவரது நூல், பிரிட்டனில் சிற்றூர் ஆய்வு என்ற துறைக்கே முன்னோடி.

ஊரின் மையம் தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள தெருவில் இல்லை, ஒவ்வொரு பண்ணையின் அடுப்படியிலும் இருக்கிறது என்று அவர் கண்டார். அந்தக் கணப்படிக்கு 'ஐல்விட்' என்று பெயர். குடும்பம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மாலையில் வயல்வழி ஒற்றையடிப் பாதைகளில் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் ஆளை அவர் பண்ணையின் பெயரைச் சேர்த்தே அழைப்பார்கள், வீடுதான் அடையாளம். கொண்டான் கொடுத்தான் உறவு பாரிஷ் முழுக்கப் பின்னிக் கிடந்தது.

ரோமம் கத்தரிக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாள் உண்டு. அன்று சுற்றுவட்டாரத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வரும். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தரிப்பார்கள், பையன்கள் ஆட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள், பெண்கள் ரோமத்தைச் சுருட்டிக் கட்டுவார்கள், விருந்து சமைப்பார்கள். கூலி கிடையாது. இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. கோயிலுக்குப் போகிறவரா, மெதடிஸ்டா என்ற பேச்சு அங்கே எழாது. வீடுகள் தள்ளி இருப்பதால்தான் ஒருவரையொருவர் இவ்வளவு தேடினார்கள்.

ரீஸ் இந்த வாழ்வை மிக அழகாக்கிவிட்டார் என்ற விமர்சனமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. தென்மேற்கு வேல்ஸை ஆராய்ந்து 1971இல் நூல் எழுதிய டேவிட் ஜென்கின்ஸ், இதே கைம்மாற்றின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே குடிசைக்காரர் பண்ணையாரின் வயலில் சில வரிசை உருளைக்கிழங்கு நட்டுக்கொள்வார். அதற்கு ஈடாக அறுவடையில் இத்தனை நாள் உழைத்துக் கடன் தீர்க்க வேண்டும். உதவிக்குள் ஏற்றத்தாழ்வும் இருந்தது. இளைஞர் வெளியேறியதற்குக் கூலி மட்டுமே காரணமில்லை, ஊரின் கண் எப்போதும் முதுகில் இருந்ததும் ஒரு காரணம். இந்த இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழு உருவம் கிடைக்கிறது. ஆனாலும் ரீஸின் அடிப்படைக் கண்டுபிடிப்பு அசையவில்லை: அந்த 500 பேரும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்களாக, ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தார்கள்.

எஞ்சியிருப்பது

இன்று இந்தப் பகுதி போவிஸ் மாவட்டத்தில் சேர்ந்தது. வேல்ஸின் நிலப்பரப்பில் நாலில் ஒரு பங்கு அது. ஆனால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26 பேர்தான். 1901இல் வேல்ஸில் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8 சதவீதம். மேட்டுப் பண்ணைகள் அரசு மானியத்தை நம்பியிருக்கின்றன. ஒரு பண்ணை கைமாறும்போது நிலத்தோடு, அந்த வீட்டைப் பெயர்சொல்லி அழைத்த மொழியும் கைமாறிப் போகக்கூடும்.

மலை ஆடுகளைப் பற்றி அங்கே ஒரு சொல் வழங்குகிறது: 'கனெவின்'. வேலியே இல்லாத திறந்த மேட்டில் ஒரு மந்தை தன் எல்லைக்குள்ளேயே மேயும். தாயாடு குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது, குட்டி தன் குட்டிக்கு. மந்தையை ஒருமுறை மொத்தமாக விற்றுவிட்டால் அந்த அறிவு அறுந்துபோகும். புதிதாக வாங்கிவந்த ஆடுகளுக்கு எல்லையைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். மனிதர்களுக்குப் பழகிய வாழிடத்தையும் இதே சொல்லால்தான் வெல்ஷ் மக்கள் குறிக்கிறார்கள்.

அறுபடாமல் ஒன்று இன்னும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் இந்த வட்டாரத்துக் கோயில்களில் 'ப்ளகைன்' நடக்கும். சேவல் கூவும் வேளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். முற்காலத்தில் விடியலுக்கு முன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது, இப்போது பெரும்பாலும் மாலையில் நடக்கிறது. சுருக்கமான ஆராதனை முடிந்ததும் குரு அமர்ந்துவிடுவார். பிறகு நிகழ்ச்சிநிரல் கிடையாது, அறிவிப்பு கிடையாது, வாத்தியம் கிடையாது, கைதட்டல் கிடையாது. ஒரு குடும்பம் எழுந்து முன்னே போய்ப் பாடும். திரும்பி வந்து உட்காரும். சற்று அமைதி. மூன்று நண்பர்கள் எழுந்து போவார்கள். யாருக்குப் பின் யார் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சுற்று முடிந்ததும் அதே வரிசையில் இன்னொரு சுற்று. ஒருமுறை பாடிய பாட்டை வேறு யாரும் அன்று பாடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு குழுவும் மற்றவர் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். பாடல்கள் பல குடும்பச் சொத்து, தகப்பன் கைப்பட எழுதிய நோட்டிலிருந்து மகனுக்கு வந்தவை. முடிவில் அங்குள்ள ஆண்கள் எல்லாரும் முன்னே சென்று ஒன்றாகப் பாடி நிறைவு செய்வார்கள்.

பாடகர்கள் இப்போது பல பாரிஷ்களிலிருந்து காரில் வருகிறார்கள். ஒரே பாரிஷில் ஆள் போதாது. ஆனால் ஒரு குழு உட்கார்ந்து அடுத்தது எழுவதற்குள் வரும் அந்தச் சிறிய அமைதியில், அடுத்து எழவேண்டியவர் யாரென்று அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆணையர் அறிக்கையிலும் அணைத் திட்டத்திலும் மக்கள்தொகைப் பட்டியலிலும் அகப்படாமல் போனது இந்த அறிவுதான். ரூத் எவன்ஸ் நெஞ்சில் வைத்துக் காத்ததும் இதே அறிவின் ஒரு பகுதி. அது இருக்கும்வரை, மக்கள் என்ற சொல்லிலிருந்து பிறந்த 'ப்ளூய்வ்' அந்த மலைகளுக்குப் பொருத்தமான பெயராகவே இருக்கும்.